மலை இறங்கும் நோயாளியும் பின்னால் வரும் வழக்கும்: நீலகிரியில் மருத்துவமனை நடத்துவோருக்கு ஒரு திறந்த மடல்

நீலகிரி மாவட்டத்தில் இருபது, முப்பது படுக்கைகளோடு மருத்துவமனை நடத்தும் டாக்டர்களுக்கும், எஸ்டேட் மருத்துவமனை நிர்வாகிகளுக்கும், ராத்திரி ஷிப்டில் அந்த இடங்களைத் தாங்கி நிற்கும் நர்சிங் இன்சார்ஜ்களுக்கும்,

வணக்கம்.

மருத்துவ ஆவணம், நுகர்வோர் வழக்கு, தொழில்முறைக் காப்பீடு ஆகிய மூன்றிலும் வேலை செய்யும் சிலர் சேர்ந்து இதை எழுதுகிறோம். மருத்துவ அலட்சிய வழக்குகளைப் பற்றிக் கோவையிலும் சென்னையிலும் நடக்கும் பயிலரங்குகளில் சொல்லித் தருவதெல்லாம் சரிதான். ஆனால் அவை சமவெளி மருத்துவமனைக்கானவை. பக்கத்துத் தெருவில் சி.டி. ஸ்கேனும், பத்து நிமிடத்தில் ஐ.சி.யு.வும் கிடைக்கும் ஊருக்கான பாடம் அது. நம் மலையில் ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது. நோயாளியை வண்டியில் ஏற்றிக் கீழே அனுப்பும் அந்த ஒரு மணி நேரத்தில்தான் பெரும்பாலும் வழக்குக்கு விதை விழுகிறது. அந்த ஒரு மணி நேரத்தைப் பற்றித்தான் நம் கேஸ் ஷீட்டுகளில் (நோயாளியின் சிகிச்சைப் பதிவுத் தாள்களில்) மிகக் குறைவாக எழுதியிருக்கிறது.

"ரெஃபர்டு டு ஹையர் சென்டர், அட்டெண்டர்ஸ் இன்ஃபார்ம்டு." மேல் மருத்துவமனைக்கு அனுப்பியாயிற்று, உடன் வந்த வீட்டாருக்குச் சொல்லியாயிற்று என்ற இந்த ஒரு வரியோடு முடிந்துபோகும் கேஸ் ஷீட்டை வைத்துக்கொண்டு யாரும் உங்களைக் காப்பாற்ற முடியாது. எதிர்த்தரப்பு வக்கீல் கேட்கும் முதல் கேள்வி, அனுப்ப முடிவெடுத்தது எத்தனை மணிக்கு என்பது. இரண்டாவது, வண்டி கிளம்பியது எத்தனை மணிக்கு. இரண்டுக்கும் நடுவே எழுபது நிமிடம் என்றால், அந்த எழுபது நிமிடம் என்ன செய்தீர்கள்? உண்மையில் நீங்கள் சும்மா இருந்திருக்க மாட்டீர்கள். ஆம்புலன்ஸைத் தேடியிருப்பீர்கள், இரண்டாவது ஊசிவழி போட்டிருப்பீர்கள், கோவையில் மூன்று மருத்துவமனைகளைக் கூப்பிட்டு 'பெட் இல்லை' என்ற பதிலை வாங்கியிருப்பீர்கள். வீட்டார் பணம் புரட்டப் போயிருப்பார்கள். காகிதத்தில் மட்டும் எதுவும் இருக்காது. எழுதாத வேலை செய்யாத வேலையாகவே கணக்கில் ஏறும்.

ரெஃபரல் சீட்டைத் தனிப் படிவமாக அச்சடித்து, கார்பன் வைத்து இரண்டு பிரதி எடுங்கள். ஒன்று வண்டியில் போகட்டும், இன்னொன்று கேஸ் ஷீட்டிலேயே தைத்திருக்கட்டும். முடிவெடுத்த நேரம், கிளம்பிய நேரம், எதனால் அனுப்புகிறீர்கள் என்ற ஒரு வரிக் காரணம் (இங்கே என்ன வசதி இல்லை என்பது உட்பட), கிளம்பும்போது இருந்த நாடி, ரத்த அழுத்தம், மூச்சு எண்ணிக்கை, நினைவுநிலை, கொடுத்த மருந்துகள், ஒவ்வொன்றின் அளவும் நேரமும், கீழே எந்த மருத்துவமனையில் யாரிடம் எத்தனை மணிக்குப் பேசினீர்கள், உடன் போகும் நர்ஸ் யார் என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும். ஆக்ஸிஜன் அளவை எழுதும்போது அது வெறும் காற்றில் எடுத்ததா, மாஸ்க் போட்டு எடுத்ததா என்பதையும் சேர்த்து எழுதுங்கள். ஊட்டி 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. இங்கே காற்றழுத்தம் கடல் மட்டத்தைவிட ஏறக்குறைய கால் பங்கு குறைவு. இங்கே சாதாரணமாக வரும் எண்ணைக் கீழே இருப்பவர்கள் பார்த்தால், 'அப்போதே மூச்சுத்திணறல் தொடங்கிவிட்டதே, ஏன் விட்டீர்கள்?' என்று கேட்பார்கள்.

மருந்தின் நேரத்தை எழுதாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஒரே ஒரு உதாரணம். பிரசவத்துக்கு வந்தவருக்கு வலிப்பு. வலிப்பை நிறுத்தும் மருந்தான மெக்னீசியம் சல்பேட்டை, பிரிட்சர்ட் என்ற மருந்தளவு முறைப்படி 4 கிராம் நரம்பு வழியாக, 10 கிராம் தசையில், இரண்டு புட்டங்களிலும் ஐந்தைந்தாகப் போடுகிறீர்கள். அது நான்கு மணி நேரம் தாங்கும், மலை இறங்கப் போதும். செய்தது முழுக்கச் சரி. சீட்டில் 'இஞ்செக்ஷன் மேக்சல்ஃப் கிவன்' என்று மட்டும் எழுதுகிறீர்கள். கீழே கேஷுவாலிட்டியில் இருக்கும் டியூட்டி டாக்டருக்கு முழு லோடிங் டோஸ் (முதலில் தரும் பெரிய அளவு) போயிற்றா, பாதியா, எத்தனை மணிக்கு என்று எதுவும் தெரியாது. மறுபடி முழு டோஸும் போட்டுவிட்டால் முதலில் முழங்கால் அனிச்சை போகும், பிறகு மூச்சே நிற்கும். இங்கே எழுத வேண்டியது: '4 கிராம் ஐ.வி. 1.20-க்கு, 5+5 கிராம் ஐ.எம். 1.30-க்கு, அடுத்த டோஸ் 5.30-க்கு, முழங்கால் அனிச்சை இருக்கிறது, மூச்சு நிமிடத்துக்கு 18, சிறுநீர் இவ்வளவு.' வண்டியில் மெக்னீசியத்துக்கு மாற்று மருந்தான கால்சியம் குளுக்கோனேட் 10 சதவீதம், 10 மில்லி ஆம்பியூல் ஒன்று இருக்கட்டும், அதையும் சீட்டில் குறியுங்கள்.

ஆக்ஸிஜன் கணக்கு அதைவிட எளிது, அதனாலேயே யாரும் போடுவதில்லை. வண்டியில் இருக்கும் பி டைப் சிலிண்டர் நிரம்பியிருந்தால் சுமார் 1,500 லிட்டர். நிமிடத்துக்கு 10 லிட்டர் ஓடினால் 150 நிமிடம், 15 லிட்டர் ஓடினால் 100 நிமிடம். ஊட்டியிலிருந்து கோவை ஏறத்தாழ 85 கிலோமீட்டர். நல்ல நாளிலேயே இரண்டரை மணி நேரத்துக்கு மேல் ஆகும். மே மாத சீசன் நெரிசலையோ, மலைப்பாதையில் பர்லியார் பக்கம் மண் சரிந்த நாளையோ சேர்த்தால் சொல்லவே வேண்டாம். ஆக, நிரம்பிய ஒரு சிலிண்டரே போதாத பயணம் இது. இந்தச் சிலிண்டரின் உள்கொள்ளளவு பத்து லிட்டர், அழுத்தம் காட்டும் கேஜ் 100 பார் என்றால் மீதி 1,000 லிட்டர்தான், அதாவது 10 லிட்டர் ஓட்டத்தில் 100 நிமிடம். கிளம்பும்போது கேஜ் எண்ணையும், வண்டியில் எத்தனை சிலிண்டர் என்பதையும் சீட்டில் எழுத ஒரு கட்டம் வையுங்கள். அந்தக் கட்டம் இருந்தால் நர்ஸ் கட்டாயம் கேஜைப் பார்ப்பார். வழக்குக்காக எழுதும் காகிதம் நோயாளியையும் காப்பாற்றும் சில இடங்களில் இது ஒன்று.

வீட்டார் 'கீழே கொண்டுபோக மாட்டோம், இங்கேயே பாருங்கள்' என்றால் அதையும் எழுதுங்கள். 'அட்டெண்டர் நாட் வில்லிங்' என்ற முத்திரை போதாது. போகாவிட்டால் என்ன ஆகக்கூடும் என்று நீங்கள் சொன்ன வார்த்தையையே, அவர்களுக்குப் புரியும் மொழியில் இரண்டு வரி எழுதி, கையெழுத்தையும் நேரத்தையும் வாங்குங்கள்.

மொழி என்றதும் சம்மதப் படிவம் ஞாபகம் வருகிறது. தமிழில் அச்சடித்த படிவம் ஒன்று, ஆங்கிலத்தில் ஒன்று, அவ்வளவுதான் நம்மிடம். வருபவர்களோ படுகு பேசுவோர், மலையாளம் பேசும் பந்தலூர்க்காரர், பணியர், காட்டுநாயக்கர், தேயிலைத் தோட்டத்தில் வேலைக்கு வந்த ஜார்க்கண்ட் குடும்பங்கள். கைநாட்டு மட்டும் இருக்கும் படிவத்தில் யார் எந்த மொழியில் விளக்கினார் என்று எழுதி, விளக்கியவர் தனியாகக் கையெழுத்திட வேண்டும். சாட்சி உங்கள் ஊழியராக இல்லாமல் இருப்பது நல்லது. அட்மிஷனின்போதே எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரு கையெழுத்து வாங்கும் பழக்கத்தை விடுங்கள். சமீரா கோலி வழக்கில் 2008-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது தெளிவானது: பரிசோதனைக்காக லேப்ராஸ்கோப்பி செய்யக் கொடுத்த சம்மதம், கருப்பையை எடுக்கக் கொடுத்த சம்மதம் ஆகாது. உயிருக்கு உடனடி ஆபத்து என்றால் மட்டுமே விலக்கு.

இனி, ஏதோ ஒன்று தவறாகப் போய்விட்டது என்று வைத்துக்கொள்வோம். மரணம், அல்லது எதிர்பாராத பாதிப்பு.

முதல் வேலை, கேஸ் ஷீட்டைத் தொடாமல் இருப்பது. மாற்றி எழுதத் தோன்றும், யாருக்கும் தோன்றும். மாற்றி எழுதினால் கண்டுபிடித்துவிடுவார்கள். கையெழுத்து நிபுணரே தேவையில்லை. மூன்று ஷிப்டில் மூன்று நர்ஸ்கள் எழுத வேண்டிய குறிப்பு ஒரே பேனாவில், ஒரே அழுத்தத்தில், தடுமாற்றமே இல்லாமல் அழகாக இருந்தால் அதுவே காட்டிக்கொடுக்கும். மருந்துச் சீட்டில் ஊசி போட்டது 2.10 என்றிருக்கும், உங்கள் ஃபார்மசி பில் அந்த ஊசியை 2.40-க்கு விற்றிருக்கும். அலட்சியம் இல்லாத வழக்கைக்கூடத் திருத்திய கேஸ் ஷீட் தோற்கடித்துவிடும். நீதிபதி நம்ப மறுப்பது அந்த ஒரு வரியை மட்டும் என்று நினைக்காதீர்கள், உங்களையே நம்ப மாட்டார். விட்டுப்போனதை எழுதியே ஆக வேண்டும் என்றால், இன்றைய தேதி, இப்போதைய நேரம், 'தாமதப் பதிவு' என்ற தலைப்பு, ஏன் தாமதம் என்ற காரணம், கையெழுத்து. தவறாக எழுதியதை ஒற்றைக் கோட்டால் அடித்து, பக்கத்தில் சுருக்கொப்பம். ஒயிட்னர் பாட்டிலை வார்டிலிருந்தே எடுத்துவிடுங்கள்.

இதோடு சேர்ந்தது கடிகாரம். வார்டு சுவர்க் கடிகாரம் ஒரு நேரம், ஈ.சி.ஜி. மெஷின் ஒரு நேரம், மானிட்டர் ஒரு நேரம், சி.சி.டி.வி. ஒரு நேரம், பில்லிங் கம்ப்யூட்டர் ஒரு நேரம். கரண்ட் போய் வரும் ஊர் இது. பேட்டரி தீர்ந்த மெஷின் பழைய தேதிக்கே போய்விடும். நேர்மையாக எழுதிய ஷீட்டும் இதனால் பொய்போலத் தெரியும். மாதம் பிறந்ததும் ஒருவர் கைபேசி நேரத்தை வைத்து எல்லாவற்றையும் சரிசெய்து, ஒரு நோட்டில் கையெழுத்திடட்டும். கால் மணி நேர வேலை.

அன்றே கேஸ் ஷீட்டுக்குப் பக்க எண் போட்டு, முழுவதையும் நகலெடுத்து, அசலைப் பூட்டுங்கள். சி.சி.டி.வி. பதிவைப் பென் டிரைவில் இறக்குங்கள். அதைப் பதிவு செய்யும் டி.வி.ஆர். பெட்டி சில வாரங்களில் பழைய பதிவின்மேலேயே எழுதிக்கொள்ளும், பிறகு 'வேண்டுமென்றே அழித்தார்கள்' என்ற பெயர் வரும். காலியான ஆம்பியூலும் ஊசியும் சந்தேகத்துக்கு உரியவை என்றால் பேட்ச் எண்ணோடு பையில் போட்டு வையுங்கள். போலீஸ் அசலைக் கேட்டால் எழுத்து மூலமான கோரிக்கை, பக்க எண்ணோடு ரசீது, இரண்டும் வாங்கிக்கொண்டே கொடுங்கள்.

குடும்பத்தார் எழுத்து மூலம் கேஸ் ஷீட் நகல் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும். இந்திய மருத்துவக் குழுமத்தின் 2002 நடத்தை விதிகளில் இருக்கும் கெடு இது. 'எம்.டி. ஊரில் இல்லை', 'பில் பாக்கி இருக்கிறது' என்பதெல்லாம் பதிலாகாது. விண்ணப்பம் வந்த தேதியும் நேரமும் முத்திரையோடு பதிவாகட்டும், கொடுத்ததற்குக் கையெழுத்து வாங்குங்கள். நகல் கொடுப்பதை வழக்குக்கு வழி விடுவதாகப் பலர் நினைக்கிறார்கள். நகல் கிடைத்த குடும்பம் வேறொரு டாக்டரிடம் காட்டி, தப்பில்லை என்று தெரிந்து ஒதுங்கிவிடவும் கூடும். மறுத்தால் அந்த வாய்ப்பும் போகும்.

குடும்பத்தோடு பேச வேண்டியவர் சிகிச்சை பார்த்த மூத்த டாக்டர்தான். பி.ஆர்.ஓ.வை அனுப்பாதீர்கள், வராந்தாவில் நின்றுகொண்டு பேசாதீர்கள். ஒரு அறை, நாற்காலி, உடன் ஒரு நர்ஸ். என்ன நடந்தது என்று தெரிந்ததை மட்டும் சொல்லுங்கள், காரணம் இன்னும் தெரியாவிட்டால் அதையும் சொல்லுங்கள். வருத்தம் தெரிவிக்கலாம், தெரிவிக்கவும் வேண்டும். ஆனால் 'எங்கள் தப்புதான், பார்த்துச் செய்கிறோம்' என்று யாரும் சொல்லக் கூடாது. அதற்கான காரணம் காப்பீட்டுப் பத்திரத்தில் இருக்கிறது, கீழே சொல்கிறோம். அதேபோல, மயக்க மருந்து டாக்டர் மேலோ, முதலில் பார்த்த கிளினிக் மேலோ பழி போட்டுப் பேசும் பேச்சு மறுநாள் புகார் மனுவில் உங்கள் பெயரோடு அச்சாகியிருக்கும். உடலையும் பில்லையும் ஒருபோதும் முடிச்சுப் போடாதீர்கள். பாக்கிப் பணத்துக்காக உடலைக் கொடுக்க ஒரு மணி நேரம் தாமதித்த இடத்தில், அதுவரை அழுதுகொண்டிருந்த கூட்டம் கல்லை எடுக்கும்.

வக்கீல் நோட்டீஸ் வந்தால் நீங்களே கோபத்தில் பதில் எழுதாதீர்கள். அதே சமயம் டிராயரிலும் போடாதீர்கள். நுகர்வோர் ஆணையத்திலிருந்து நோட்டீஸ் வந்துவிட்டால் கணக்கு இன்னும் இறுக்கம். 2019 நுகர்வோர் சட்டப்படி பதிலுரைக்கு 30 நாள், ஆணையம் அனுமதித்தால் மேலும் 15 நாள். அதற்கு மேல் ஒரு நாள்கூட நீட்ட அதிகாரம் இல்லை என்று 2020 மார்ச்சில் உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு முடித்துவிட்டது. 46-வது நாள் உங்கள் பதிலுரை எவ்வளவு அருமையாக இருந்தாலும் வாங்க மாட்டார்கள். தபால் கவரில் வந்த தேதியை எழுதி, கவரையும் சேர்த்து வையுங்கள்.

ஊட்டியில் ஒரு விசேஷம் உண்டு. நோயாளிகளில் சுற்றுலாப் பயணிகள் கணிசம். 2019 சட்டம் புகார்தாரர் தான் வசிக்கும் ஊரிலோ வேலை பார்க்கும் ஊரிலோ வழக்குப் போட வழி திறந்திருக்கிறது. ஏரிக்கரையில் மயங்கி விழுந்து உங்களிடம் இரண்டு மணி நேரம் இருந்துவிட்டுப் போனவரின் வழக்கு பெங்களூரிலிருந்தோ எர்ணாகுளத்திலிருந்தோ வரலாம். பொதுவாகப் புகார் கொடுக்க இரண்டு ஆண்டு அவகாசம். புறநோயாளிச் சீட்டு என்று அலட்சியமாக இருக்காதீர்கள். பயணியின் சீட்டில் கைபேசி எண்ணும், எந்த ஊர் போகிறார், அங்கே எந்த டாக்டரைப் பார்க்கச் சொன்னீர்கள் என்பதும் இருக்கட்டும்.

எஸ்டேட் மருத்துவமனைகளுக்கு ஒரு வார்த்தை. 'தொழிலாளிக்கு இலவசம்தானே, எங்களுக்கு நுகர்வோர் வழக்கு எப்படி வரும்?' என்ற எண்ணம் இன்னும் இருக்கிறது. வேலை நிபந்தனையின் பகுதியாக முதலாளி செலவை ஏற்கும் சிகிச்சை இலவசமாகாது என்று 1995-ல் வி.பி. சாந்தா வழக்கிலேயே தீர்ப்பாகிவிட்டது. காப்பீட்டு நிறுவனம் பணம் கட்டும் சிகிச்சைக்கும் அதே கதிதான்.

காப்பீட்டைப் பற்றி விரிவாகவே சொல்ல வேண்டும், இங்கேதான் ஏமாற்றம் அதிகம். இந்தத் தொழில்முறைப் பாலிசிகள் பெரும்பாலும் சிகிச்சை நடந்த ஆண்டைப் பார்ப்பதில்லை, கோரிக்கை வந்த ஆண்டைப் பார்க்கின்றன. 2022-ல் செய்த ஆபரேஷனுக்கு 2024-ல் நோட்டீஸ் வந்தால் 2024 பாலிசிதான் பேசும். அதுவும், பத்திரத்தில் இருக்கும் பின்னோக்குத் தேதி (எந்தத் தேதியிலிருந்து நடந்த சிகிச்சைக்குப் பாலிசி பொறுப்பேற்கும் என்பது) 2022 ஆபரேஷனுக்கு முந்தையதாக இருந்தால் மட்டும். ஒரு ஆண்டு ரினியூவலை விட்டுவிட்டு அடுத்த ஆண்டு புதிதாக எடுத்தாலோ, சில ஆயிரம் குறைகிறதென்று வேறு கம்பெனிக்கு மாறினாலோ, பின்னோக்குத் தேதி புதிதாகத் தொடங்கிவிடக் கூடும். பிரீமியம் தவறாமல் கட்டியும் அந்த ஆபரேஷனுக்கு எந்தப் பாலிசியும் இல்லாத நிலை இப்படித்தான் வருகிறது. மாறுவதற்கு முன் பழைய தேதியையே தொடர்வதாகப் பத்திரத்தில் எழுதி வாங்குங்கள். ஏஜெண்ட் வாயால் சொல்வது செல்லாது.

அடுத்தது, ஒரு சம்பவத்துக்கு எவ்வளவு, ஆண்டு முழுவதற்கும் எவ்வளவு என்ற விகிதம். ஒரு கோடி ரூபாய் ஆண்டு வரம்பு, விகிதம் 1:4 என்றால் ஒரு வழக்குக்கு 25 லட்சம்தான். வக்கீல் செலவும் பெரும்பாலும் அதற்குள்ளேயே. 'ஒரு கோடிக்கு எடுத்திருக்கிறேன்' என்று நிம்மதியாகத் தூங்குபவர்கள் இன்று ராத்திரியே பத்திரத்தை எடுத்துப் பாருங்கள். சம்பவம் நடந்ததுமே, நோட்டீஸுக்குக் காத்திருக்காமல், மின்னஞ்சலில் கம்பெனிக்குத் தகவல் கொடுங்கள். அவர்கள் எழுத்து மூலம் சம்மதிக்காமல் தவறை ஒப்புக்கொள்வதோ, பணம் கொடுத்துச் சமரசம் செய்வதோ பாலிசி நிபந்தனைக்கு விரோதம். மேலே 'எங்கள் தப்புதான்' என்று சொல்லாதீர்கள் என்றது இதனால்தான். இரக்கப்பட்டு பில்லைத் திருப்பிக் கொடுப்பதற்கும் முதலில் அவர்களிடம் கேளுங்கள்.

டாக்டரின் பாலிசி வேறு, மருத்துவமனையின் பாலிசி வேறு. மேட்டுப்பாளையத்திலிருந்து வாரம் இருமுறை ஏறி வரும் அனஸ்தீசியா டாக்டருக்கும் சர்ஜனுக்கும் சொந்தப் பாலிசி இருக்கிறதா, பதிவு நடப்பில் இருக்கிறதா என்று நகல் வாங்கி வையுங்கள். 'அவர் விசிட்டிங்' என்ற வாதம் மருத்துவமனையைக் காப்பாற்றாது. 2004 சவிதா கார்க் தீர்ப்புக்குப் பிறகு அந்தக் கதவு மூடிவிட்டது.

போலீஸ் வழக்கைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம். 2005 ஜேக்கப் மேத்யூ தீர்ப்புப்படி, டாக்டர்மேல் குற்ற நடவடிக்கைக்கு அப்பட்டமான அலட்சியம் வேண்டும், விசாரணை அதிகாரி சார்பற்ற மருத்துவக் கருத்தை வாங்க வேண்டும், வழக்கமாகக் கைது செய்துவிட முடியாது. 2024 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 106-வது பிரிவில், அலட்சியத்தால் மரணம் விளைவித்தால் பொதுவாக ஐந்து ஆண்டு வரை சிறை, பதிவு பெற்ற மருத்துவர் மருத்துவ நடைமுறையின்போது செய்ததற்கு இரண்டு ஆண்டு வரை. இந்தக் குறைப்பு நர்ஸுக்குக் கிடையாது. ராத்திரியில் ஃபோனில் ஆர்டர் சொல்லி நர்ஸை ஊசி போடச் சொல்லும் டாக்டர்கள் இதை யோசிக்க வேண்டும். ஃபோன் ஆர்டரை நர்ஸ் எழுதி, திரும்பப் படித்துக்காட்டி, நேரம் போட்டு வைக்கட்டும். காலையில் வந்ததும் நீங்கள் கையெழுத்திடுங்கள்.

கடைசியாக ரெக்கார்டு ரூம். உள்நோயாளி ஆவணத்துக்கு விதி சொல்லும் குறைந்தபட்சம் மூன்று ஆண்டு. பிரசவம், குழந்தை, போலீஸ் கேஸ், நோட்டீஸ் வந்த கேஸ் எதையும் அந்தக் கணக்கில் கழிக்காதீர்கள், சிவப்புப் பட்டை ஒட்டித் தனியாக வையுங்கள். நம் ஊர் ஈரத்தில் சுவரை ஒட்டி அடுக்கிய கட்டுகள் இரண்டு மழைக்குள் ஒன்றோடொன்று ஒட்டிப் பூசணம் பூத்துவிடும். கூடலூர், பந்தலூர் பக்கம் ஜூனுக்கு முன்பும், குன்னூர், கோத்தகிரி பக்கம் அக்டோபருக்கு முன்பும் அறையைத் திறந்து, இரும்பு ரேக்கைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளிப் போடுங்கள். ஈ.சி.ஜி. சுருளும் குழந்தையின் இதயத்துடிப்புப் பட்டையும் வெப்பக் காகிதம், தானாகவே வெளுத்துவிடும். அட்மிஷன் அன்றே நகலெடுத்துச் சேர்க்காவிட்டால், வழக்கு விசாரணைக்கு வரும் நாளில் உங்கள் கையில் இருப்பது வெறும் வெள்ளைத் தாள்தான்.

இப்படிக்கு,
மருத்துவ ஆவண, காப்பீட்டு, நுகர்வோர் வழக்குப் பணியாளர்கள் சிலர்
குன்னூர்